பழைய லேப்டாப் வாங்குவதும், தெரிந்த பையனிடம் கணினியைக் கொடுப்பதும்

கல்லூரியில் முதலாண்டு சேரும் மகளுக்காக 20,000 ரூபாய்க்குள் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்க நினைப்பதாகவும், உறவினர் மகன் கணினி நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அவரே பார்த்து வாங்கித் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சில நாட்களாகத் திணறித் திணறி ஓடும் வீட்டுக் கணினியிலிருந்து பத்தாண்டுப் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துப் புதியதில் போட்டுத் தருவதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இவற்றில் பயப்பட ஏதேனும் உண்டா என்பது உங்கள் கேள்வி. லேப்டாப் சர்வீஸ் தொழிலில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய லேப்டாப்பைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தத் திணறும் கணினிதான். அதனால் அதை முதலில் எழுதுகிறேன். இன்றே அதை அணைத்து வைத்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பத்தாண்டு பழைய கணினி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருக்கும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதந்தபடி அதன் படிப்பு முனை வேலை செய்கிறது. தட்டில் சில இடங்கள் கெட்டுப்போகும்போது, கணினி அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. நீங்கள் காணும் திணறல் அதனால் வரக்கூடும். இந்த நிலையில் கணினி தெரிந்த ஓர் இளைஞர் வழக்கமாகச் செய்வது என்ன? வைரஸ் இருக்குமோ என்று முழு ஸ்கேன் ஓட விடுவார், அல்லது டிஸ்க்கைச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுப்பார். நலமான டிஸ்க்கில் இவை இரண்டும் தீங்கில்லாதவை. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலோ, ஸ்கேன் என்பது ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போய்ப் படிக்க வைத்து மிச்சமிருக்கும் ஆயுளைத் தீர்த்துவிடும். செக்டிஸ்க் அதற்கும் மேலே போய், படிக்க முடியாத பகுதிகளைச் சேர்ந்த கோப்புகளின் பதிவுகளையே திருத்தி எழுதி, படங்களைப் பெயரில்லாத துண்டுகளாக்கிவிடும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவர் தம் திருமணப் படங்கள் இருந்த கணினியைக் கொண்டுவந்தார். நான் நல்லெண்ணத்தோடுதான் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். இரவு முழுவதும் அது ஓடியது. காலையில் பார்த்தபோது, முந்தைய நாள் மெதுவாகவேனும் திறந்த கோப்புறை காலியாக இருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அமைதியாகக் கணினியை எடுத்துக்கொண்டு போனார். அன்று எனக்குக் கணினி தெரியும் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தச் செயலைச் செய்தால் திரும்பி வர வழியில்லை என்பதுதான் அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அனுபவமில்லாத உதவியில் உள்ள ஆபத்து முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்று இன்று நினைக்கிறேன்.

சரியான முறை வேறு. கெட்டுவரும் டிஸ்க்கைக் கழற்றி, அதே அளவோ பெரியதோ ஆன நல்ல டிஸ்க் ஒன்றுக்கு முழுப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கென்றே டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவை படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். பிறகு எந்தச் சோதனையானாலும் பிரதியின் மேல்தான் செய்ய வேண்டும். டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று ஒரே சீராக ஓசை வந்தால் இதைக்கூட வீட்டில் முயலக் கூடாது. தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து முனையை மாற்றக்கூடிய டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், அதோடு ஆய்வகத்துக்கும் வேலை இருக்காது. தவறுதலாக அழித்த கோப்பை மீட்க, மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும் இதே வகைத் தவறுதான்; தேடுகிற கோப்பு கிடந்த இடத்தில் அந்த மென்பொருளே போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

புதிய கணினிகளில் இதே வகை ஆபத்து வேறொரு உருவத்தில் வருகிறது. விண்டோஸ் 11 ஓடும் பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும், சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டெழுத்தாக மாற்றப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று அதற்குப் பெயர். உரிமையாளருக்கே அது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் வழக்கமான நாட்களில் அது எதையும் கேட்பதில்லை. ஒருவர் வந்து, கணினியைத் திறந்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்னும் நிரலின் அமைப்பை மாற்றினாலோ, பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பின் நினைவை அழித்தாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பொதுவாக, லேப்டாப்பை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு வந்து அமைத்துக் கொடுக்கும் பையன்கள் அவசரத்துக்குத் தங்கள் மின்னஞ்சலையோ, அந்த நேரத்தில் உருவாக்கி மறுநாள் கடவுச்சொல்லை மறந்துவிடும் ஒரு மின்னஞ்சலையோ கொடுத்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஒருநாள் அந்த எண் தேவைப்படும்போது, அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அந்த டிஸ்க்கைத் திறந்து தர முடியாது. ஆகவே உங்கள் மகளின் லேப்டாப்பை அவளுடைய மின்னஞ்சலில், அவள் கையாலேயே அமைக்கச் சொல்லுங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதிச் சான்றிதழ்கள் இருக்கும் உறையில் வையுங்கள்.

விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று ஒரு சின்ன மென்பொருளை ஓட விடுவதும் வழக்கமாக நடப்பது. அதை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். யாரோ எழுதிய, யாரும் சரிபார்க்காத ஒரு நிரலுக்கு, காவலை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, நிர்வாகி உரிமையும் கொடுத்து வீட்டைத் திறந்துவிடுகிறோம். பிறகு அதே கணினியில் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம். இதில் வருத்தம் என்னவென்றால், நிறுவனங்களில் பயன்பட்டு வந்த லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் இது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, தயாரிப்பாளர் விண்டோஸோடு விற்ற கணினிகளில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே உயிர்பெறும்.

தூரத்திலிருந்தே சரிசெய்ய எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை நிறுவினால், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் வழியாக நடக்கும் பண மோசடி குறித்து வங்கிகளை எச்சரித்தது. மென்பொருளில் தவறில்லை, திறந்து வைத்த கதவைப் பயன்படுத்துபவர்களிடம்தான் தவறு. இணையத்தில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைத்து இதை நிறுவியவர்களில் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். அப்படி நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் கை மாறுவதற்குள் நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

மகளின் லேப்டாப் என்பதால் இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலி இயக்கியை மட்டும் முடக்கிவைத்த லேப்டாப்களைப் பதினாறு சர்வீஸ் கடைகளுக்குக் கொடுத்து, உள்ளே நடப்பதைப் பதிவு செய்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோப்புகளைத் திறக்கத் தேவையே இல்லாத பழுது அது. ஆறு இடங்களில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டு இடங்களில் நகலும் எடுத்திருந்தார்கள். பெண்ணின் பெயரில் அமைத்திருந்த கணினிகளில்தான் இது மிகுதியாக நடந்திருந்தது. ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுக்குக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் 2008இல் வெளியாகிப் பலருடைய வாழ்க்கையைக் குலைத்ததும், கணினிப் பழுது பார்த்தவர் மறு ஆண்டு தண்டிக்கப்பட்டதும் உலகம் அறிந்தவை. உறவினர் மகன் நல்லவராகவே இருப்பார். அவர் தம் நண்பரிடம் கொடுத்து, அந்த நண்பர் ஒரு கடையில் கொடுத்தால் யாரிடம் கேட்பது? டிஸ்ப்ளே, கீபோர்டு, பேட்டரி மாற்றுவதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. கேட்டால் கொடுக்க வேண்டாம். சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாகக் கோப்புகளைச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றக்கூடிய மாடல் என்றால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள், நல்ல சர்வீஸ்காரர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி வாங்குவதற்கு வருகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் அடுக்கி வைத்திருக்கும் பழைய லேப்டாப்களில் பெரும்பகுதி, நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பியவை. லீஸ் ரிட்டர்ன் என்று கடையில் சொல்வார்கள். டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்பி எலைட்புக் ஆகியவை இந்த வகை. வீட்டு உபயோகத்துக்கென்று வரும் மலிவான புதிய லேப்டாப்பைவிட இவற்றின் உடல் உறுதியானது, கீபோர்டு நல்லது, உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். 20,000 ரூபாய்க்குள் என் மகளுக்கு வாங்குவதாக இருந்தாலும் இந்த வகையைத்தான் பார்ப்பேன்.

ஆனால் 'ஐ7 சார், ஹை எண்டு' என்ற சொல்லில் மயங்கிவிடக் கூடாது. ஐ7 என்பது இன்டெல் ப்ராசசரின் வகைப் பெயர்தான்; அதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஐ7-4600யு என்பது நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது, கணக்கு வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகளான கோர் இரண்டே கொண்டது. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது, நான்கு கோர் கொண்டது. பெயரில் சிறியதாகத் தோன்றும் இரண்டாவதுதான் பல வகையிலும் மேல். இந்த எட்டு என்ற எண்ணுக்கு வேறொரு முக்கியத்துவமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்குக் கொடுத்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரையே. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் ஒருசில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், ஏஎம்டி லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து பார்க்க வேண்டும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் இப்போது விலை இறங்கிக் கிடைப்பதற்கு இதுவும் காரணம். பழைய மாடலிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரரோ உறவினர் மகனோ சொல்லலாம். சோதனையைத் தாண்டி ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. நான்கு ஆண்டுப் படிப்புக்கு வாங்குபவர் இந்தத் துணிச்சலில் இறங்க வேண்டாம். லினக்ஸ் பழகிக்கொள்ள மகளுக்கு விருப்பம் இருந்தால் கதை வேறு; ஏழாம் தலைமுறையே போதும், மிச்சமாகும் பணத்தில் கூடுதல் ரேம் போடலாம்.

விலையையும் தோற்றத்தையும்விட நான் அதிகம் அஞ்சுவது பூட்டுகளுக்குத்தான். நிறுவன லேப்டாப்பில் பயாஸ் கடவுச்சொல் நீக்காமல் வந்திருக்கலாம். திங்க்பேட்டில் சூப்பர்வைசர் கடவுச்சொல் மாட்டிக்கொண்டால் மதர்போர்டை மாற்றுவதுதான் தயாரிப்பாளர் சொல்லும் வழி. திருடுபோனால் தூரத்திலிருந்தே முடக்கும் அப்சல்யூட் என்னும் ஏற்பாடு பயாஸில் நிரந்தரமாக இயக்கப்பட்டிருந்தால் வாங்கியவரால் அதை அணைக்க முடியாது. இவற்றைப் பயாஸுக்குள் நுழைந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது ஆட்டோபைலட் என்னும் பதிவு. லேப்டாப்பின் அடையாளம் பழைய நிறுவனத்தின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிந்திருந்தால், விண்டோஸைப் புதிதாக ஏற்றி இணையத்தோடு இணைத்தவுடன் அந்த நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வரும். இணையம் இல்லாமல் ஏற்றினால் வராது. கடையில் உங்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும் இணையம் இல்லாமல் ஏற்றப்பட்டதாகவே இருக்கும். பல மாதங்கள் நன்றாக ஓடி, ஒருநாள் ரீசெட் செய்யும்போதுதான் யாரோ ஒரு நிறுவனம் கடவுச்சொல் கேட்கும்.

ஆகையால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே லேப்டாப்பை முழுவதுமாக ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரையிலிருந்து அமைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். 'அதெல்லாம் ஏற்கெனவே பண்ணியாச்சு' என்பார்கள்; பரவாயில்லை, இன்னொரு முறை செய்வோம் என்று உட்கார்ந்துவிடுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்க வேண்டாம். மேக்புக் என்றாலும் இதே நடைமுறைதான். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால் ஆக்டிவேஷன் லாக் என்னும் பூட்டு உள்ளே விடாது.

அந்த ஒரு மணி நேரத்தில் மற்றவற்றைப் பார்த்துவிடலாம். அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணும் பயாஸில் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண் எழுதிய பில் வேண்டும். பில் இல்லாமல் தனியாரிடம் மிக மலிவாகக் கிடைப்பது திருட்டுப் பொருளாக இருந்தால், பொருளும் போகும், தெரிந்தே வாங்கினீர்களா என்ற விசாரணைக்கும் ஆளாவீர்கள். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான். மாணவர்களுக்கு அரசு விலையில்லாமல் வழங்கிய, அரசு முத்திரையுள்ள மடிக்கணினியை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள், அது தீப்பிடிக்கக்கூடியது. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதாக இருந்தபோது தாங்கிய அளவையும் இப்போது தாங்கும் அளவையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறு மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைச் சொல்லும். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் 8 ஜிபிக்குக் குறைந்து வாங்கக் கூடாது, பிறகு கூட்ட முடியாது.

டெல் லேப்டாப்பில் சார்ஜரைத் தனியாகக் கவனியுங்கள். பல டெல் மாடல்கள் சார்ஜரின் உள்ளே இருக்கும் சிறு சிப்பைப் படித்து அடையாளம் காண்கின்றன. மலிவான போலி சார்ஜராக இருந்தால் அடாப்டரை அறிய முடியவில்லை என்று தொடக்கத்தில் செய்தி வரும், பேட்டரி ஏறாது, ப்ராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பே மெதுவானது என்று நினைத்து, சார்ஜர் மாற்றினால் தீர வேண்டிய பிரச்சினைக்கு விண்டோஸை மூன்று முறை ஏற்றிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடைகளில் 'டெஸ்டிங் வாரண்டி' என்று சொல்வது பெரும்பாலும் சில நாட்களுக்கு மட்டுமே. மதர்போர்டில் முன்பு பழுது பார்க்கப்பட்ட லேப்டாப்பாக இருந்தால் சூடேறும்போதுதான் அந்தக் குறை வெளிப்படும்; அதனால் வாங்கி வந்த வாரத்தில் தினமும் சில மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள், பெட்டியில் எடுத்து வைத்துவிட்டுக் கல்லூரி திறக்கும் நாளில் திறக்க வேண்டாம்.

உறவினர் மகனை ஒதுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். இவ்வளவையும் ஒரே ஆள் பார்ப்பதைவிட இரண்டு பேர் பார்ப்பது நல்லது, அவருடைய ஆர்வமும் உண்மையானது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பி, இது தவறாகப் போனால் இப்போது இருக்கிற நிலைக்கு எப்படித் திரும்பி வருவது?' பதில் தெளிவாக வந்தால் செய்யட்டும். 'தவறாகப் போகாது அங்கிள்' என்று பதில் வந்தால் அந்த வேலையை அன்று நிறுத்திவிடுங்கள்.

பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் எண்ணம் இருந்தால் டிஸ்க்கோடு கொடுக்காதீர்கள். ஃபார்மட் செய்துவிட்டோம் என்பது போதாது. விரைவு ஃபார்மட் கோப்புகளின் பட்டியலைத்தான் புதிதாக எழுதுகிறது, கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். வேலை செய்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே, மற்றவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. டிஸ்க் இல்லாமல் கொடுத்தால் கடைக்காரர் சில நூறு ரூபாய் குறைப்பார், குறைக்கட்டும். கழற்றிய டிஸ்க்கைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வையுங்கள். படங்கள் பிரதியில் வந்துவிட்டன என்று எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் சில படங்களைத் திறந்து முழுதாகத் தெரிகின்றனவா என்று நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பிரதிக்கு இன்னொரு பிரதியும் எடுத்து வேறொரு வீட்டில் வைத்த பிறகு, பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று யோசிக்கலாம்.